சத்தத்தைத் துரத்திய மெக்கானிக்

பள்ளிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் உங்களுக்கெல்லாம் கொண்டாட்டம்தானே? அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி நின்றுகொண்டு இன்ஜின் மட்டும் ஓடும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். வண்டி கிளம்பிச் சற்று வேகம் எடுத்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும். இன்னும் வேகம் கூடினால், இருக்கைக்கு அடியிலிருந்தோ மேற்கூரையிலிருந்தோ புதிதாக ஒரு முனகல் புறப்படும். நாம் காதைப் பொத்திக்கொள்வோம். இல்லையென்றால் பழகிக்கொள்வோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். அவரால் பழகிக்கொள்ளவே முடியவில்லை. ஓடுகிற வண்டியில் ஒரு சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அவருக்குச் சோறு தண்ணீர் இறங்காது. இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் சாப்பிட மறந்துபோவார். அதனால் அவர் உடம்பு கெட்ட கதையும் பின்னால் வருகிறது.

அவர் பெயர் ஹென்றி ராய்ஸ். ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரின் இரண்டாம் பாதி அவர்தான்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1863-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி ஹென்றி பிறந்தான். வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவன்தான் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்திவந்தார். தொழில் நொடித்துப்போனது. பிழைப்புத் தேடிக் குடும்பம் லண்டனுக்கு வந்தது. 1872-இல் அப்பா இறந்துபோனார். அப்போது ஹென்றிக்கு ஒன்பது வயது. உங்களில் சிலருடைய வயதுதான்!

ஆல்வால்டனில் இருந்தபோதே, நான்கு வயதில், வயலில் பறவைகளை விரட்டும் வேலைக்குப் போனவன் அவன். லண்டனில் தெருவில் நின்று செய்தித்தாள் விற்றான். பிறகு தபால் துறையில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தான். மாதச் சம்பளம் எல்லாம் கிடையாது. கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு தந்திக்கு இவ்வளவு காசு என்று கணக்கு. பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்து படித்தது எல்லாம் சேர்த்து ஓராண்டுதான். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் நடத்தியவன். இந்த ஓராண்டுக் கணக்கை எழுதும்போது என் மனம் இப்போதும் சங்கடப்படுகிறது.

அந்தத் தந்திப் பையன் சுற்றிய பகுதிகளில் ஒன்று மேஃபேர். லண்டனில் பெரும் பணக்காரர்கள் வாழ்ந்த இடம். 1877-இல் அங்கே ஒரு மாளிகையில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சார்லஸ் ரோல்ஸ். அந்த வீட்டுக்கு வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவனே ஹென்றிதான் என்று கதை சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஹென்றிக்கு ஓர் அத்தை இருந்தார். ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் இருந்த ரயில்வே பணிமனையில் அவனைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். அவன் தங்கியிருந்த வீட்டுக்காரரும் அதே பணிமனையில் வேலை பார்த்தவர். வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். பகலில் ரயில்வே பணிமனை, மாலையில் இந்தத் தோட்டத்துப் பட்டறை. லேத்தில் கடைவது, அரம் பிடித்து ராவுவது, இரண்டு இரும்புத் துண்டுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி செய்வது என்று எல்லாம் ஹென்றியின் கைக்கு வந்தன. இந்தக் கடைசிப் பாடத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்று ஆண்டுகள்கூட முழுதாக முடியவில்லை. அத்தையிடம் பணம் தீர்ந்துபோனது. பயிற்சி பாதியில் நின்றது. வேலை தேடி ஊர் ஊராக அலைந்து, லீட்ஸ் நகரில் ஒரு கருவி செய்யும் பட்டறையில் வாரம் 11 ஷில்லிங் கூலிக்குச் சேர்ந்தார். அங்கிருந்து லண்டனில் ஒரு மின்விளக்கு நிறுவனத்துக்குப் போனார். மின்சாரம் அப்போதுதான் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. நிறுவனம் அவரை லிவர்பூலுக்கு அனுப்பியது. தெருக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் விளக்குப் போடும் வேலை. அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

அப்பாவின் மில், அத்தையின் பணம், இப்போது வேலை. மூன்று முறை காலுக்குக் கீழே தரை நழுவிவிட்டது. 1884-இல் ஹென்றி ராய்ஸின் கையில் இருந்தது 20 பவுண்டு சேமிப்பு. நண்பர் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் 50 பவுண்டு போட்டார். மான்செஸ்டர் நகரில் குக் தெரு என்ற இடத்தில் ஒரு பட்டறை திறந்தார்கள். கீழே பட்டறை, மேலே ஓர் அறையில் இருவரும் குடியிருப்பு.

முதலில் அவர்கள் செய்து விற்ற பொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? வீட்டு வாசலில் அடிக்கும் மின்சார அழைப்பு மணி! பிற்காலத்தில் சத்தத்தை ஒழித்தவர் சத்தம் போடும் பொருளைச் செய்துதான் பிழைப்பைத் தொடங்கினார்.

பிறகு டைனமோ செய்தார்கள். மின்சாரத்தில் ஓடும் கிரேன்கள் செய்தார்கள். ராய்ஸ் செய்த பொருள் பழுதாகாது என்று பெயர் வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வசதியும் வந்தது. ஆனால், 1900-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மலிவான கிரேன்கள் வந்து குவிந்தன. தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க ராய்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வியாபாரம் சரிந்தது. கவலையும் ஓயாத உழைப்பும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின. வேலை மும்முரத்தில் அவர் சாப்பிடுவதே இல்லை. ஒரு கிளாஸ் பாலைக் கையில் கொடுத்து, அவர் குடிக்கும்வரை பின்னாலேயே சுற்று என்று ஒரு பையனை அனுப்புவார்களாம். மருத்துவர் வற்புறுத்தியதால் 1902-இல் பத்து வாரம் ஓய்வாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போய்வந்தார். ஓய்வுக்குப் போனவர் கையில் என்ன இருந்தது? கார்களைப் பற்றிய ஒரு புத்தகம்!

பழைய கார் கற்றுத் தந்த பாடம்

திரும்பி வந்ததும் ராய்ஸ் ஒரு காரை வாங்கினார். டெகோவில் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கார். யாரோ ஓட்டிய பழைய வண்டி. இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். ரயிலில் வந்து இறங்கிய கார் கிளம்ப மறுத்துவிட்டது. ஆட்களை வைத்துத் தள்ளித்தான் குக் தெருவுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்துக்கு அது மோசமான கார் அல்ல. மற்ற கார்களும் அப்படித்தான் இருந்தன. கிளப்பப் பாடுபட வேண்டும். கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இன்ஜின் வெடிக்கும், பற்சக்கரங்கள் அலறும், தகரங்கள் தடதடக்கும். கார் என்றால் இப்படித்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் மட்டும் அந்தக் காரை ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு பல் சரியாக வெட்டப்படவில்லை. ஒரு துளை தேவையைவிடப் பெரிது. ஓரிடத்தில் இரும்பு இரும்பில் இடிக்கிறது.

இங்கே சற்று நின்று, காரின் பெரிய சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு பலூனை ஊதி ஊசியால் குத்துங்கள். டமார்! அதே பலூனின் வாயை லேசாகத் திறந்துவிடுங்கள். புஸ்ஸ்ஸ்! உள்ளே இருந்தது ஒரே அளவு காற்றுதான். ஒரேயடியாக வெளியே பாய்ந்தால் வெடிச்சத்தம். மெதுவாக வந்தால் பெருமூச்சு. இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளிய பிறகும் அந்த வாயுவில் அழுத்தம் மிச்சம் இருக்கும். வால்வு திறந்ததும் அது வெளியே பாயும். இரண்டு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 1,000 பலூன் வெடித்த மாதிரி. ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு!

இந்த வெடிகளைப் பெருமூச்சாக மாற்றத்தான் சைலன்சர். வாயு ஓர் அகலமான பெட்டிக்குள் நுழைந்து விரிகிறது. துளை போட்ட தடுப்புகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது. வேகம் தணிந்து வெளியே வருகிறது. அப்படியானால் வழியை நன்றாக அடைத்துவிட்டால் சத்தமே வராது அல்லவா? வராதுதான். ஆனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், பலம் குறைந்துபோகும். சத்தமும் அடங்க வேண்டும், இன்ஜினும் தாராளமாக மூச்சுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

சைலன்சர் நன்றாக இருந்தாலும் போதாது. அதைப் பொருத்துவதிலும் விஷயம் உண்டு. என் மைத்துனர் தம் காரில் பழைய சைலன்சரை மாற்றி வேறொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். மற்ற வேகங்களில் ஒன்றுமில்லை; அறுபதைத் தொட்டால் மட்டும் கார் முழுவதும் ங்ங்ங் என்று ஒரு ரீங்காரம். மாட்டிக் கொடுத்த கடையில் போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வயதான ஒரு மெக்கானிக் வண்டி குளிரும்வரை காத்திருந்து, அடியில் படுத்து, குழாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் குழாய் காரின் அடித்தகட்டில் உரசி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. தொங்கவிடும் ரப்பர் வளையம் தளர்ந்து குழாய் கீழே சரிந்ததுதான் காரணம். வளையத்தை மாற்றி, ஒரு விரல் இடைவெளி விட்டார். ரீங்காரம் போய்விட்டது! இன்ஜின் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆடும். ரப்பர் அந்த ஆட்டத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். இரும்பு இரும்பைத் தொட்டுவிட்டாலோ, விரல் பட்ட மிருதங்கம் மாதிரிக் காரின் உடம்பு முழுவதும் ஒலிக்கத் தொடங்கிவிடும்.

ராய்ஸ் செய்ததும் அந்த மெக்கானிக் செய்த மாதிரி வேலைதான். ஆனால் ஒரு வளையத்தோடு நிறுத்தாமல், ஒரு கார் முழுவதற்கும் செய்தார். பழைய காரைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிடப் புதிதாக ஒன்றைச் செய்வது மேல் என்று முடிவு கட்டினார். உதவிக்குப் பிளாட்ஃபோர்டு, ஹால்டன்பி என்ற இரண்டு பயிற்சிப் பையன்கள். கிரேன் வியாபாரம் படுத்துக்கிடக்கும் நேரத்தில் முதலாளிக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று பட்டறையில் நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். வியாபாரக் கூட்டாளி கிளேர்மாண்டுக்கும் கவலை இருந்தது. 1903-ஆம் ஆண்டு செப்டம்பரில் இன்ஜின் முதல் முறையாக ஓடியது. அதைத் தனியே ஓட்டி ஓட்டிச் சோதித்தார். சைலன்சரில் தனிக் கவனம் செலுத்தினார்.

1904 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்! அன்றைக்குத்தான் ராய்ஸின் முதல் கார் குக் தெருவிலிருந்து வெளியே வந்தது. தொழிலாளர்கள் கையில் கிடைத்த சுத்தியலால் கிடைத்த இரும்பிலெல்லாம் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே கார் அமைதியாகப் புறப்பட்டு, சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் நட்ஸ்ஃபோர்டில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் எங்கும் நிற்கவில்லை.

இரண்டு பெயர்கள் சேர்ந்தன

மேஃபேர் மாளிகையில் பிறந்த அந்தக் குழந்தை இப்போது 26 வயது இளைஞர். பிரபுவின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். லண்டனில் வெளிநாட்டுக் கார்களை வரவழைத்து விற்றுவந்தார் சார்லஸ் ரோல்ஸ். விற்பதற்கு நல்ல ஆங்கிலேயக் கார் ஒன்று கிடைக்கவில்லையே என்பது அவருடைய குறை. ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவருக்கு இருவரையும் தெரியும். அவர் ரோல்ஸை மான்செஸ்டருக்கு அழைத்துவந்தார். 1904 மே 4 அன்று மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள்.

ரோல்ஸுக்கு இரண்டு சிலிண்டர் கார் என்றாலே பிடிக்காது. உட்கார்ந்தால் குலுக்கி எடுத்துவிடும் என்பது அவருடைய அனுபவம். ராய்ஸின் காரில் ஏறி உட்கார்ந்தார். குலுக்கலைக் காணோம்! இரண்டு சிலிண்டர் இன்ஜின் இவ்வளவு சாதுவாக ஓடுமா என்று அவருக்கு ஒரே வியப்பு. ராய்ஸ் செய்கிற கார்கள் அத்தனையையும் தாமே விற்பதாக ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். 1906 மார்ச்சில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பிறந்தது.

ஓராண்டே பள்ளிக்குப் போன தந்திப் பையனும் பிரபு வீட்டுப் பிள்ளையும் கூட்டாளிகள் ஆனார்கள். கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ராய்ஸுக்குப் பெரிய சோதனை இனிமேல்தான் வந்தது.

சிலிண்டர்கள் கூடினால் ஓட்டம் இன்னும் சீராகும் என்று ஆறு சிலிண்டர் கார்களுக்கு மக்களிடம் மோகம் ஏற்பட்டிருந்தது. ராய்ஸும் 30 குதிரைத்திறனில் ஒன்று செய்தார். ஆறு சிலிண்டர்களும் வரிசையாக நிற்கும். எல்லாப் பிஸ்டன்களும் சேர்ந்து சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு அதனால் நீளமாக இருக்கும். குறிப்பிட்ட ஒரு வேகம் வந்ததும் இன்ஜின் பயங்கரமாக அதிரும். சில கார்களில் அந்தத் தண்டே முறிந்துபோனது.

ஏன் அப்படி? ஈரத்துண்டைப் பிழியும்போது அதை முறுக்குகிறோம் அல்லவா? பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அந்தத் தண்டு மயிரிழை அளவுக்கு முறுகி, மீண்டும் நிமிர்கிறது. இரும்புதான் என்றாலும் முறுகத்தான் செய்யும். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது திரும்பும் நேரம் பார்த்துச் சரியாகத் தள்ளினால், சின்னத் தள்ளலிலேயே உயர உயரப் போகும். பிஸ்டனின் தள்ளலும் தண்டின் முறுக்கலும் அப்படி ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால், முறுக்கல் வளர்ந்துகொண்டே போய்த் தண்டை ஒடித்துவிடும். பேருந்து ஜன்னல் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடுவதும் இதே காரணத்தால்தான்.

சோதனைச் சாவடியில் அல்ல, விற்ற கார்களில் தண்டு முறிகிறது! புது நிறுவனத்தின் மானம் போகிற விஷயம். ராய்ஸ் ஒப்புக்கு ஒட்டுப்போடவில்லை. அடுத்த காருக்கு இன்ஜினையே புதிதாக வரைந்தார். தண்டைப் பருமனாக்கினார். ஏழு இடங்களில் அதைத் தாங்கிப் பிடித்தார். ஆறு சிலிண்டர்களை மும்மூன்றாகப் பிரித்து, ஒரு மூன்று மற்ற மூன்றின் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும்படி அமைத்தார். தண்டுக்கு உள்ளேயே துளையிட்டு, அதன் வழியாக எண்ணெய் பாய வைத்தார். தண்டின் முன்முனையில் உராய்ந்து வழுக்கும்படி ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தும் முறையும் வந்தது. தண்டு துள்ளினால் அந்தச் சக்கரம் சற்றுப் பின்தங்கி, உரசி, துள்ளலை அடக்கும். லான்செஸ்டர் என்ற மற்றோர் ஆங்கிலேயப் பொறியாளரும் அதே காலத்தில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டி, அதிர்வை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

பீட்டர்பரோ தோட்டத்துப் பட்டறை ஞாபகம் இருக்கிறதா? காரின் அடிச்சட்டத்தை இணைக்க மற்றவர்கள் ரிவெட் அடித்தார்கள். ரிவெட் தன் துளையை முழுதாக நிரப்பாது. நாளாக நாளாகத் தளர்ந்து ஆடும், சத்தம் போடும். ராய்ஸ், சற்றே கூம்பிய போல்ட்டுகளைச் செய்து, அதே கூம்பில் துளையைக் கடைந்து, இடைவெளியே இல்லாமல் இறுக்கினார். செலவு அதிகம், வேலையும் அதிகம். ஆனால் ஆடாது.

1907-இல் இந்தப் புது வகைக் கார் ஒன்றுக்கு வெள்ளி நிறம் பூசினார்கள். வந்ததே தெரியாமல் வந்து நிற்கிறது என்பதால் நிறுவன நிர்வாகி கிளாட் ஜான்சன் அதற்கு வெள்ளிப் பேய் என்ற பொருளில் சில்வர் கோஸ்ட் என்று பெயர் வைத்தார். அதை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாறி மாறி ஓட்டினார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்கள் உடன் இருந்து ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்துக்கொண்டார்கள். ஓட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? முதல் காரைச் செய்ய உதவிய அதே பயிற்சிப் பையன் பிளாட்ஃபோர்டு!

629 மைல் ஓடியதும் கார் நின்றுவிட்டது. எல்லோருக்கும் திக்கென்றது. இறங்கிப் பார்த்தால் இன்ஜினில் குறையே இல்லை. கரடுமுரடான சாலையில் குலுங்கிக் குலுங்கிப் பெட்ரோல் குழாய்த் திருகு தானாகவே மூடிக்கொண்டிருந்தது! அதிர்வை விரட்டி விரட்டி அடித்த மனிதரின் காரை, கடைசியில் ஓர் அதிர்வுதான் நிறுத்தியது. திருகைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் கிளப்பிவிட்டார்கள். அதன்பிறகு 14,371 மைல், அதாவது சுமார் 23,000 கிலோமீட்டர், கோளாறு என்று ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. மொத்தம் 15,000 மைல் முடிந்ததும் காரைப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த பாகங்களை மாற்ற ஆன செலவு 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ்தான்.

கார் கேட்டு ஆட்கள் குவிந்தார்கள். 1908-இல் டெர்பி நகரில் பெரிய தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே ராய்ஸ் ஒரு வேடிக்கையான இயந்திரத்தை வைத்திருந்தார். மேடு வைத்த உருளைகள் மேல் காரை ஏற்றி நிறுத்தி, உருளைகளைச் சுழற்றுவார்கள். கார் நின்ற இடத்திலேயே குதிகுதியென்று குதிக்கும். எது முதலில் உடைகிறதோ அதைப் பலப்படுத்துவார்கள். மீண்டும் குதிக்கவிடுவார்கள். மோசமான சாலையில் பல ஆண்டுகளில் படும் அவதியை அந்தக் கார் சில நாள்களிலேயே பட்டுத் தீர்த்துவிடும்.

ரோல்ஸுக்குக் கார் மேலிருந்த ஆசை விமானத்தின் மேல் திரும்பியது. 1910 ஜூலை 12 அன்று போர்ன்மத் நகரில் நடந்த விமான விழாவில் அவருடைய விமானத்தின் வால்பகுதி உடைந்து விழுந்தது. ரோல்ஸ் இறந்துபோனார். வயது 32.

அடுத்த ஆண்டு ராய்ஸும் மீண்டும் படுத்துவிட்டார். பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பல ஆண்டுகள் நேரத்துக்குச் சாப்பிடாமல் வதைத்த உடம்பு அல்லவா? இந்த ஒரு விஷயத்தில் மட்டும், பிள்ளைகளே, அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அதிக நாள் தாங்கமாட்டார் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். கிளாட் ஜான்சன் விடவில்லை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். எகிப்துவரை போய்வந்து, பிரான்ஸின் தென்கடற்கரையில் லெ கனடெல் என்ற இடத்தில் அவருக்கு வீடு கட்டினார்கள். குளிர்காலத்தில் அங்கே; மற்ற நாள்களில் இங்கிலாந்தின் கடற்கரைக் கிராமங்களில். தொழிற்சாலையின் இரைச்சலுக்கு அவர் மீண்டும் வேலைக்குத் திரும்பவே இல்லை. மூன்று மாதம்கூடத் தாங்குவாரா என்று அஞ்சப்பட்டவர், நர்ஸ் எத்தல் ஆபினின் கவனிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

உதவியாளர்கள் அவர் வீட்டுப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். அவர் சொல்லச் சொல்லப் படம் வரைவார்கள். படங்கள் தபாலில் டெர்பிக்குப் போகும். செய்து முடித்த சோதனைக் கார்களை இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டே வருவார்கள். ராய்ஸ் ஏறி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார். குறை சொல்லாமல் இறங்கியது அபூர்வம்.

முதல் உலகப் போர் வந்தபோது விமான இன்ஜின் செய்யத் தொடங்கினார். அவருடைய ஈகிள் இன்ஜின் இரண்டைப் பூட்டிய விமானத்தில்தான் 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இருவரும் முதன்முறையாக அட்லாண்டிக் பெருங்கடலை நிற்காமல் பறந்து கடந்தார்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஷ்னைடர் கோப்பை என்று ஒரு கடல் விமானப் போட்டி நடந்துவந்தது. அதற்காக ராய்ஸின் குழு செய்த இன்ஜினின் பெயர் ஆர். 1931-இல் அதன் பலம் 2,300 குதிரைத்திறன். ராய்ஸின் முதல் காரைப் போல 230 மடங்கு! அதை டெர்பியில் சோதித்தபோது எழுந்த சத்தத்தில் ஊரே தூங்க முடியாமல் தவித்தது. நாட்டின் பெருமைக்காகச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நகர மேயரே மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சத்தமில்லாத கார் செய்தவரின் இன்ஜின்தான்! அந்த இன்ஜின் பூட்டிய விமானம் கோப்பையை வென்றது. அதே செப்டம்பரில் மணிக்கு 400 மைல் வேகத்தையும் தாண்டி உலகச் சாதனை படைத்தது. அப்போது ராய்ஸ் வெஸ்ட் விட்டரிங் என்ற அமைதியான கடற்கரைக் கிராமத்தில் இருந்தார். 1930-இல் அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்திருந்தது. ஆனாலும் தம்மை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவருக்கு விருப்பம்.

1933 ஏப்ரல். எழுந்து நடமாட முடியாத நிலை. ஆனாலும் மனம் ஏதோ ஒரு காரில் உட்கார்ந்திருந்தது. கார் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது, உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாமல் தாங்குவதற்கு ஷாக் அப்சார்பர் என்ற கருவி உண்டு. சாலைக்கு ஏற்றபடி அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள ஒரு வழி ராய்ஸுக்குத் தோன்றியது. படுக்கையில் இருந்தபடியே ஒரு தபால் உறையின் பின்பக்கத்தில் அதைப் படமாக வரைந்தார். தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடும்படி நர்ஸிடம் கொடுத்தார். ஏப்ரல் 22-ஆம் தேதி, தமது 70-ஆம் வயதில், அவர் உயிர் பிரிந்தது.

அந்தத் தபால் உறை டெர்பிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை.